சர்க்கரைத் தண்ணீர் பில்லும் டீக்கடைப் பாட்டும்

1847-ஆம் ஆண்டு பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாட்டாசிரியர் ஒரு கஃபேயில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, காசு தர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அங்கே பாடிக்கொண்டிருந்தது அவர் எழுதிய பாட்டு. அதை வைத்துக் கூட்டம் சேர்க்கும் கடைக்காரர் தனக்கு ஒன்றும் தருவதில்லை, பிறகு தான் மட்டும் எதற்குப் பில் கட்ட வேண்டும் என்பது அவர் கேள்வி. விவகாரம் நீதிமன்றம் போனது. தீர்ப்பு பாட்டாசிரியர் பக்கம் வந்தது. அந்தச் சூட்டில் 1851-இல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது. பொது இடத்தில் ஒலிக்கும் பாட்டுக்குக் காசு வசூலித்து, எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பிரித்துக் கொடுக்கும் வேலையை அது இன்றும் செய்கிறது.

அதே 1847-இன் ஜனவரியில்தான் திருவையாற்றில் தியாகராஜர் மறைந்தார். பாடிக்கொண்டே வீடுவீடாகப் போய் அரிசி வாங்கும் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். அவர் கீர்த்தனையை இன்று சபாவில் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தியச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் பாட்டு பொதுச்சொத்து. ஆனால் அதே கீர்த்தனையைச் சில வருடங்களுக்கு முன் ஒருவர் பாடி வெளியிட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமையாளர் உண்டு. வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் அது அவருடையது. ஹோட்டலில் அதை ஓடவிட்டால் தியாகராஜருக்கு ஒன்றும் கிடையாது. பதிவை வைத்திருப்பவருக்கு உண்டு.

இந்த விஷயத்தில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். நாம் "ஒரு பாட்டு" என்று சொல்வதற்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலி இன்னொன்று. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசே வாங்கி, பிறகு பொதுவாக்கிவிட்டது. அதற்காக ஒரு திரைப்படத்தில் அந்த வரிகளுக்குப் போட்ட மெட்டும் பொதுவாகிவிடாது.

சரி, கடைக்காரர் காசு கொடுத்து ஒரு ஆப்பில் சந்தா கட்டியிருக்கிறாரே, போதாதா? போதாது. அந்தச் சந்தா அவர் சொந்தமாகக் கேட்பதற்கு. வாடிக்கையாளர் நடமாடும் இடத்தில் ஒலிக்கவிடுவது சட்டத்தில் தனி உரிமை. ஒரு ஜவுளிக்கடையில் நாளைக்கு நூறு பாட்டு ஓடுகிறது என்றால், நூறு பாட்டாசிரியரைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்க யாராலும் முடியாது. அதனால்தான் மொத்த லைசென்ஸ் என்ற ஏற்பாடு. கடையின் பரப்பு, நாற்காலிகளின் எண்ணிக்கை, விழாவுக்கு வரும் கூட்டம் போன்றவற்றை வைத்து ஒரு தொகை. கட்டிவிட்டால் பட்டியலில் உள்ள எந்தப் பாட்டையும் போடலாம். இந்தியாவில் வரிக்கும் மெட்டுக்கும் லைசென்ஸ் தருவது 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ். ஒலிப்பதிவுகளுக்கு வெகுகாலமாக இருப்பது 1941-இல் தொடங்கிய பிபிஎல். அரசிடம் பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாமலே பிபிஎல் லைசென்ஸ் தரலாமா என்பது பற்றி நீதிமன்றங்களில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ரசீதை நீட்டியதும் கடைக்காரர் முகம் சுளிப்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம், பாவம்.

கல்யாண வீட்டார் கவலைப்பட வேண்டாம். மதச் சடங்குகளுக்கும், மாப்பிள்ளை ஊர்வலம் உட்படத் திருமணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் சட்டம் விலக்குத் தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை ஒரு பொது அறிவிப்பாகவே வெளியிட்டது. ஓட்டலில் நடக்கும் புத்தாண்டு இரவு இதில் வராது.

அப்புறம், வசூலான பணம் யாருக்குப் போகிறது? 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு பாட்டு எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை தயாரிப்பாளருக்கே. அந்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடகருக்கு நம் சட்டத்தில் இடமே இல்லையே என்று வருந்தினார். பாடகருக்கு உரிமை வர 1994 ஆயிற்று. 2012-இல் இன்னொரு பெரிய திருத்தம் வந்தது. மாநிலங்களவையில் அதற்காகப் போராடியவர்களில் இந்திப் பாட்டாசிரியர் ஜாவேத் அக்தர் ஒருவர். தியேட்டரில் படம் ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அதை அவர்களே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ சங்கத்துக்கோ மட்டுமே தரலாம். அவசரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடும் கலைஞனை அவனிடமிருந்தே காப்பாற்றும் இந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது.

பங்கு முடிவாகிவிட்டது. எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்று யார் எண்ணுவது? முன்பு வானொலி நிலையங்கள் எழுதித்தரும் பட்டியல்தான் ஆதாரம். பாட்டு ஓடிய நேரத்துக்கு இன்றும் 'நீடில் அவர்' என்றுதான் பெயர். கிராமபோன் ஊசி போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது எண்ணும் வேலையில் பெரும்பகுதியைக் கணினி செய்கிறது.

பாட்டை மிகச் சிறிய நேரத்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் சத்தமாக இருக்கிறது என்று கணினி ஒரு வரைபடம் போடுகிறது. அதில் மிக உரத்த புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டால், மிச்சம் இருப்பது நட்சத்திரம் நிறைந்த இரவு வானம் மாதிரி இருக்கும். பிறகு அந்தப் புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்க்கிறது. முதல் புள்ளியின் அதிர்வெண், இரண்டாவதன் அதிர்வெண், இரண்டுக்கும் இடையே உள்ள நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் எண். இப்படி ஒரு பாட்டுக்கு ஆயிரக்கணக்கான எண்கள், அதுதான் அதன் கைரேகை. டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் மோதினாலும் பஸ் ஹாரன் அடித்தாலும் வானத்தில் சில பொய் நட்சத்திரங்கள் கூடும், அவ்வளவுதான்; உரத்த நிஜ நட்சத்திரங்கள் பெரும்பாலும் இடம் மாறாமல் இருக்கும். முன்பே சேர்த்துவைத்த ஒரு பாட்டின் எண்களோடு ஒரே வரிசையில் நிறைய எண்கள் பொருந்திவிட்டால் பாட்டு கையும் களவுமாகப் பிடிபட்டது. ஓடும் பாட்டைக் கேட்டு அடையாளம் சொல்லும் ஷசாம் நிறுவனத்தின் ஏவ்ரி வாங் இந்த முறையை 2003-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

இந்தக் கைரேகை பதிவுக்கு உரியதே தவிர மெட்டுக்கு உரியதல்ல. மெல்லிசைக் குழு ஒன்று அதே பாட்டை மேடையில் பாடினால், வேறு குரல், வேறு வேகம், வானமே வேறு. கணினி கைவிரித்துவிடும். அங்கே ஒலிப்பதிவுக்காரருக்கும் வேலை இல்லை, லைசென்ஸ் வரிக்கும் மெட்டுக்கும் மட்டும். என்னென்ன பாடினோம் என்று குழுவினர் எழுதித்தரும் தாள்தான் கணக்கு.

பாட்டைக் கண்டுபிடித்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று, எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் கொண்ட ஒரு குறியீடு உண்டு. படைப்புக்குத் தனியாக ஐஎஸ்டபிள்யூசி. இரண்டையும் யாராவது ஒழுங்காக இணைத்துவைத்தால்தான் ஓடிய பதிவிலிருந்து எழுதியவர் வரை பணம் போகும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவது நமக்குத் தெரிந்த கதை. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பேரப்பிள்ளைக்கும் பங்கு வரும், ஆனால் தாத்தா பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். அந்நாளில் இலங்கை வானொலியில் பாட்டுப் போடும் முன் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். இன்றைக்கு ஆப்பைத் திறந்து பாருங்கள், அந்த நான்கில் முதலில் காணாமல் போவது எழுதியவர் பெயர்தான்.