சுற்றி வரும் மணல்: சி.எஃப்.பி. பாய்லர் வேலை செய்யும் விதம்

பொரி வறுக்கும் வாணலியில் சுடுமணல் இருக்கும். அரிசி விழுந்த மாத்திரத்தில் பொரிந்துவிடும். காற்றைவிட மணல் சூட்டை வேகமாகக் கொடுக்கும் என்பதுதான் சங்கதி. அந்த மணலுக்கு அடியிலிருந்து வினாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் காற்று ஊதினால், உலைச்சோறு மாதிரித் தளதளக்கும். பாய்லர்காரர்கள் எஃப்.பி.சி. (ஃப்ளூயிடைஸ்டு பெட் கம்பஸ்டன், அதாவது மிதக்கும் மணல் படுகையில் எரித்தல்) என்பது இதைத்தான். வேகத்தை ஐந்து மீட்டருக்கு ஏற்றினால், ஆடிக்காற்றில் தூற்றிய பதர் போல மணல் மேலே போய்விடும். அதைப் பிடித்து மறுபடி அடியில் விடுவது சி.எஃப்.பி. (சர்குலேட்டிங் ஃப்ளூயிடைஸ்டு பெட், அதாவது சுற்றி வரும் படுகை).

உலையில் 850 முதல் 900 டிகிரி. மணல் 0.1 முதல் 0.3 மி.மீ. மேலே போனதை சைக்ளோன் என்ற கூம்புக் கலம் சுழற்றிப் புகையிலிருந்து பிரிக்கும். உள்ளே இருப்பதில் எரிபொருள் சில சதவீதம்தான், மிச்சமெல்லாம் மணலும் சாம்பலும். அதனால் ஈரமான தென்னை மட்டை விழுந்தாலும் தீ அணையாது.

எல்லோரும் உலையைத்தான் பார்ப்பார்கள். சிக்கல் இருப்பது திரும்பும் வழியில். சைக்ளோன் அடியைவிட உலையின் அடியில் அழுத்தம் அதிகம். மணல் அந்த அழுத்த மேட்டுக்கு ஏறியாக வேண்டும். 850 டிகிரி மணலுக்கு வால்வும் தாங்காது. எனவே சைக்ளோனுக்குக் கீழே இறங்குகுழாய், அதன் முடிவில் ப வடிவில் வளைந்த லூப் சீல். குழாயில் ஒரு மீட்டர் மணல் நின்றால் ஏறக்குறைய 1,200 மி.மீ. நீர் அழுத்தம், அந்தக் கனமே தள்ளிவிடும். மணல் இறுகாமலிருக்க அடியில் தனி புளோயர் கொஞ்சம் காற்று கொடுக்கும்.

அந்தக் காற்று குறைந்தால் மணல் உட்கார்ந்துவிடும். இறங்குகுழாய் நிரம்பி, உலையில் மணல் குறையும். சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போக ஆளில்லாததால் அடி வெப்பம் விறுவிறுவென ஏறும். பெட் பிரஷர் (உலை அடியின் அழுத்தம்) இறங்கி, சீல் பிரஷர் (லூப் சீல் அழுத்தம்) ஏறினால் அடைப்பு என்று அர்த்தம். மாறாக சீல் காலியானால் உலை வாயு குறுக்கு வழியில் சைக்ளோனுக்குள் புகும். பிரிப்பு கெட்டு, மணல் புகையோடு போய்விடும்.

மக்காச்சோளத் தட்டு, நாமக்கல் பக்கத்துக் கோழி எரு ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். அது மணலின் சிலிக்காவோடு சேர்ந்தால் 750 டிகிரியை ஒட்டியே இளகிக் கண்ணாடியாகும், மணல் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அடியிலிருந்து பழைய மணலை அடிக்கடி எடுத்துப் புதியது போட வேண்டும். எரிபொருளைக் கலந்து போடுவதும் உதவும். கட்டி விழுந்த பிறகு காற்றைக் கூட்டி உடைக்கப் பார்ப்பது வீண்வேலை.

கந்தகம் உள்ள நிலக்கரி எரியும்போது வரும் கந்தக வாயுவை உலையிலேயே பிடிக்க, மதுக்கரை, சங்ககிரியில் கிடைப்பது போன்ற சுண்ணாம்புக்கல் போதும். கணக்குப்படி ஒரு கிலோ கந்தகத்துக்கு 3.1 கிலோ. நடைமுறையில் இரு மடங்கு போகும். சுண்ணாம்புத் துகளின் மேல் கால்சியம் சல்பேட் ஓடு கட்டி உள்ளே வாயு நுழையாமல் அடைத்துக்கொள்வதே காரணம். வெப்பம் 850 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் பிடிப்பு நன்றாக இருக்கும்.

இதே சுற்று வேறு தொழில்களிலும் உண்டு. அலுமினா ஆலையில் 1.53 டன் ஹைட்ரேட்டை (அலுமினியம் ஹைட்ராக்சைடு) சுட்டால் ஒரு டன் அலுமினா, மிச்சம் 0.53 டன் நீராவியாகப் போகும். பெட்ரோலிய சுத்திகரிப்பில் இது 1942-லேயே அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் தொடங்கிவிட்டது. வினையூக்கித் தூள் இரண்டு மூன்று வினாடியில் எண்ணெயை உடைத்துக் கரி படிந்து வரும். பக்கத்து உலையில் அந்தக் கரி எரியும். அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டே தூள் திரும்பும்.

பாய்லரில் தேய்மானம் முதலில் தெரிவது நெருப்புச் செங்கல் பூச்சு முடிந்து வெறும் குழாய் தொடங்கும் விளிம்பில். சுவரை ஒட்டி இறங்கும் மணல் அங்கே முட்டித் திரும்புகிறது. ஷட்டவுன் கிடைத்தால் தடிமன் அளவு முதலில் அங்கே எடுங்கள்.