திருத்தம் நின்ற பிறகு ஜிபிஎஸ் ரிசீவரை எவ்வளவு நேரம் நம்பலாம்?

2023 ஏப்ரல் 17. ஆஸ்திரேலியாவில் விதைப்புப் பருவம். பல பண்ணைகளில் டிராக்டர்களின் தானியங்கி ஸ்டீயரிங் திடீரென்று கைவிட்டது. டிராக்டரில் கோளாறு இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. பழுதானது இன்மார்சாட் நிறுவனத்தின் ஐ-4 எஃப்1 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள். 2005இல் ஏவப்பட்ட அந்த ஒன்றின் வழியாகத்தான் அந்த வட்டாரத்தின் ஏராளமான வேளாண் கருவிகளுக்குத் திருத்தச் சமிக்ஞை, அதாவது ஜிபிஎஸ் பிழையைக் குறைக்க உதவும் தகவல், போய்க்கொண்டிருந்தது.

சாதாரண ஜிபிஎஸ் அப்போதும் கிடைத்தது. ஆனால் சென்ற வரிசையை ஒட்டியே அடுத்த வரிசை போக வேண்டிய வேலையில் இரண்டு மூன்று மீட்டர் பிழையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம் போனில் உள்ள ஜிபிஎஸ், செயற்கைக்கோள் அனுப்பும் குறியீடு வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. அதில் மீட்டர் அளவுத் துல்லியம்தான் கிடைக்கும். சென்டிமீட்டர் வேண்டுமானால் அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் அலையையே அளக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் சுமார் 19 செ.மீ., ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. வந்த அலையின் எந்தப் பகுதி இப்போது ஆன்டெனாவைத் தொடுகிறது என்பதை ரிசீவர் மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடும். ஆனால் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து இங்கே வருவதற்குள் எத்தனை முழு அலைகள் என்பது தெரியாது. எண்கள் அழிந்துபோன டேப்பை வைத்து மனை அளப்பது மாதிரிதான்: கோடு பளிச்சென்று தெரியும், எத்தனையாவது கோடு என்றுதான் தெரியாது.

அந்த முழு எண்ணைப் பிடிக்கத்தான் ஆர்டிகே (RTK, களத்திலேயே உடனுக்குடன் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காண்பது) முறையில் இரண்டு ரிசீவர்கள். இருப்பிடம் ஏற்கெனவே தெரிந்த இடத்தில் அசையாமல் நிற்பது பேஸ். கையில் கொண்டு போவது ரோவர். செயற்கைக்கோளின் கடிகாரப் பிழை, பாதைப் பிழை, வளிமண்டலத்தில் அலை தாமதமாவது எல்லாம் அருகருகே உள்ள இரண்டு ரிசீவர்களையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் பாதிக்கின்றன. பேஸ் தன் அளவீடுகளை நொடிக்கொரு முறை ரேடியோவிலோ மொபைல் இணையத்திலோ அனுப்ப, ரோவர் கழித்துப் பார்க்கிறது. பொதுப் பிழைகள் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சியதிலிருந்து முழு எண்களைத் தேடிப் பிடிக்க, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டோனிசன் 1990களில் உருவாக்கிய 'லாம்ப்டா' என்ற கணித முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எண்கள் பிடிபட்டால் திரையில் 'ஃபிக்ஸ்'. பிடிபடாமல் தசமத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் 'ஃப்ளோட்'.

இப்போது மலையடிவாரத்தில் மொபைல் சிக்னல் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரோவர் திரையில் 'ஏஜ்' என்றொரு எண் உண்டு. கடைசியாக வந்த திருத்தத்தின் வயது, நொடிகளில். இதுவரை 1, 2 என்று ஆடிக்கொண்டிருந்தது 7, 15, 28 என்று ஏறத் தொடங்கும். பக்கத்திலேயே 'ஃபிக்ஸ்' அப்படியே நிற்கும். துல்லியம் 0.012 மீட்டர் என்று காட்டுவதும் பெரும்பாலும் அசையாது. அவசரத்தில் இருக்கும் சர்வேயர் இந்த இரண்டைத்தான் பார்ப்பார், ஏஜைப் பார்க்க மாட்டார்.

உண்மையில் முதல் சில நொடிகளில் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. ரோவர் செயற்கைக்கோள்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்வரை, ஒருமுறை கண்டுபிடித்த முழு எண்கள் மாறுவதில்லை. கெடுவது கழித்தல்தான். பழைய பேஸ் அளவீட்டை முன்னோக்கி நீட்டிப் புதிய ரோவர் அளவீட்டோடு பொருத்த வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் செயற்கைக்கோளின் அணுக்கடிகாரம் ஒரு நானோநொடியில் பத்தில் ஒரு பங்கு எதிர்பாராமல் நகர்ந்தால்கூட, ஒளியின் வேகத்தில் அது 3 செ.மீ. தூரப் பிழை. செயற்கைக்கோளும் நொடிக்குக் கிட்டத்தட்ட 3.9 கி.மீ. வேகத்தில் ஓடுவதால், அலை வளிமண்டலத்தை ஊடுருவும் பாதையும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இந்த அளவுக்காவது நீட்ட முடிவதற்கு ஒரு அரசியல் முடிவுதான் காரணம். 2000 மே 2 வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே குலைத்து அனுப்பியது. கடிகாரமே செயற்கையாக ஆட்டப்பட்டதால், சில நொடி பழைய திருத்தம்கூடப் பழங்கஞ்சிதான். அது நிறுத்தப்பட்ட பிறகே, 30 நொடி, 60 நொடி பழைய திருத்தத்தை வைத்து ஓட்டலாம் என்ற துணிச்சல் வந்தது. ஆர்டிகேலிப் என்ற இலவச மென்பொருளில் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 30 நொடி. இந்த வரம்பை யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். கூட்டினால் 'ஃபிக்ஸ்' நீண்ட நேரம் நிற்கும். துல்லியம் நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

திரையில் வரும் அந்த 0.012 எங்கிருந்து வருகிறது? அதை யாரும் அளக்கவில்லை. எடுத்துக்கொண்ட முழு எண்கள் சரி, பிழைகள் நாம் நினைத்தபடிதான் வளர்கின்றன என்று நம்பி ரிசீவர் தானே போட்ட கணக்கு அது. ஒன்றிரண்டு செயற்கைக்கோள்களுக்கு ஓர் அலை தவறிப்போயிருந்தாலும் இருப்பிடம் பத்து, இருபது செ.மீ. நகரலாம்; எண் மட்டும் அழகாகவே இருக்கும். திருத்தம் நின்றிருக்கும் நேரத்தில் ஒரு மரத்தடியில் நுழைந்து செயற்கைக்கோள் பிடியையும் விட்டால்தான் பெரிய ஆபத்து. வெளியே வந்ததும் ரிசீவர் பழைய பேஸ் அளவீட்டை வைத்து முழு எண்களைப் புதிதாகத் தேடக் கூடாது. நல்ல ரிசீவர் பேசாமல் ஃப்ளோட்டுக்கு இறங்கிவிடும். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என் கணக்கில் நேர்மையான ஃப்ளோட், பொய்யான ஃபிக்ஸைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பரிமாணம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நமது தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். இந்தப் பகுதியில் பொழுது சாய்ந்த பின், குறிப்பாக சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பும். அவற்றின் வழியே வரும் சமிக்ஞை படபடக்கும், அலை எண்ணிக்கை தவறும். அப்படிப்பட்ட மாலையில் ஒரு நிமிடம் பழைய திருத்தத்தை, ஐரோப்பியச் சூழலில் சோதித்து எழுதிய விளம்பரத் தாளை நம்பிப் பயன்படுத்துவது சூதாட்டம். திருத்தம் வந்துகொண்டிருந்தாலும் தப்ப முடியாத நாட்கள் உண்டு. 2024 மே 10, 11 தேதிகளில் சூரியப் புயல் அடித்தபோது, சோள விதைப்பில் இருந்த அமெரிக்க விவசாயிகளின் ஆர்டிகே டிராக்டர்கள் தடுமாறின.

பேஸின் திருத்தம் வராத இடைவெளியை நிரப்பச் செய்த ஏற்பாடுதான் பிபிபி (PPP, Precise Point Positioning). ஒரு பக்கத்து பேஸை நம்பாமல், உலகெங்கும் உள்ள நிலையங்களிலிருந்து ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதையையும் கடிகாரத்தையும் துல்லியமாகக் கணித்து வானிலிருந்தே அனுப்புவார்கள். டிரிம்பிள் நிறுவனம் 2012இல் கொண்டுவந்த 'எக்ஸ்ஃபில்' இந்த வகை. ஆர்டிகே அறுந்தால் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிப்பதற்கென்று வந்தது. ஜிபிஎஸ் போன்ற ஐரோப்பிய அமைப்பான கலிலியோ 2023 ஜனவரியிலிருந்து இத்தகைய திருத்தத்தை இலவசமாகவே ஒலிபரப்புகிறது. கிடைமட்டத்தில் 20 செ.மீ. அளவுக்குத் துல்லியம், ஈ6 அலைவரிசையைப் படிக்கும் ரிசீவர் வேண்டும்.

இதிலும் ஒரு பொறி. பிபிபி உலகச் சட்டகத்தில், அதாவது உலகம் முழுவதற்கும் பொதுவான ஆயத்தொலை அமைப்பில், இடம் சொல்லும். பேஸ் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் சட்டகத்தில். ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. நகர்கிறது. அந்நாட்டின் 1994 சட்டகத்துக்கும் 2020 சட்டகத்துக்கும் இடையே 1.8 மீட்டர் வித்தியாசம் சேர்ந்துவிட்டது. ஆர்டிகே இருக்கும்போதே இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ரிசீவர் கணித்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாறும் நொடியில் இருப்பிடம் ஒரு குதி குதிக்கும்.

டிராக்டருக்கு அந்தக் குதிதான் ஆகாது. ஸ்டீயரிங் வெட்டி இழுத்துவிடும். அதனால் வேளாண் ரிசீவர்கள் வித்தியாசத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து சமாளிக்கின்றன. எல்லைக்கல் நடுபவருக்கு அதே சமாளிப்பு விஷம்: மெல்ல நகரும் பிழை கண்ணில் படாமலே பதிவாகிவிடும். அவருக்கு வேறு வழி இருக்கிறது. ரோவர் தன் மூல அளவீடுகளை மெமரி கார்டில் சேமித்திருந்தால், பேஸின் பதிவைப் பிறகு வாங்கி, விட்டுப்போன நொடிகளையும் சேர்த்து அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கிடலாம். டிரோன் வைத்து நிலம் அளப்பவர்கள் பலர் களத்தில் வரும் திருத்தத்தை நம்பாமல் முதலிலிருந்தே இப்படித்தான் செய்கிறார்கள்.