மரக்கணக்கு தப்பிய யூனிக்ஸ்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பின்வரிசையில் ஓய்வு பெற்ற பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) ஒருவர் இருக்கிறார். அவர் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் செம்பனையாகி, செம்பனையும் போய் இப்போது வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. தோட்டத்து ஆபிஸை மூடியபோது யாருக்கும் வேண்டாத ஒரு 486 கணினியை அவர் வீட்டுக்குத் தூக்கி வந்து, கோழிக்கூண்டை ஒட்டிய கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கு, போட்ட பெட்டி அது.

"தம்பி, இதுல ஓடுனது விண்டோஸ் இல்ல, யூனிக்ஸ். மறுபடி ஓட வைக்க முடியுமா பாரு."

பார்த்தேன். ஐந்து சனிக்கிழமை பிடித்தது. அதில் மூன்றைத் தின்றது ஒரே கோளாறு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோளாறில் எந்தப் பாகமும் கெட்டுப் போயிருக்கவில்லை.

யூனிக்ஸ் ஓர் இயங்குதளம், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது; அப்போது பி.சி. என்ற ஒன்றே கிடையாது. மைக்ரோசாஃப்ட் அதற்கு ஏடி அண்ட் டியிடம் உரிமம் வாங்கி, ஜெனிக்ஸ் என்ற பெயரில் சிறிய கணினிகளுக்குக் கொண்டுவருவதாக 1980இல் அறிவித்தது. 1985இல் இன்டெல் 386 வந்த பிறகு, நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காக்கும் வசதி சில்லுக்குள்ளேயே கிடைத்தது. ஒரு பெட்டி, அதிலிருந்து சீரியல் கம்பி இழுத்து நாலைந்து டெர்மினல் (திரையும் விசைப்பலகையும் மட்டும்). நாலைந்து கிராணிகள் ஒரே நேரத்தில் கணக்குப் போடலாம். சின்ன அலுவலகங்களுக்கு அது கட்டுப்படியான ஏற்பாடு.

சரி, பெட்டியைத் திறந்தோம். மதர்போர்டின் ஓரத்தில் நீலப்பச்சையாகப் பூத்திருந்தது. அந்தக் காலத்துப் போர்டுகளில் பீப்பாய் வடிவத்தில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். வயதானால் அது கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். செம்புத் தடங்களை மெல்ல அரித்துவிடும். காரத்துக்கு மாற்று அமிலம்தானே? சமையல் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். அறுந்திருந்த ஒரு தடத்துக்கு மெல்லிய கம்பியை ஈயம் வைத்து ஒட்டினோம்.

இந்தப் பேட்டரி காப்பது கடிகாரத்தை மட்டுமல்ல. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் கடிகாரச் சில்லில் 64 பைட் நினைவகம் இருந்தது. 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 பைட்டில் கணினி தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு: எந்த ஃபிளாப்பி டிரைவ், எவ்வளவு நினைவகம், என்ன ஹார்டு டிஸ்க். பேட்டரி செத்தால் பெட்டிக்கு மறதி வந்துவிடும். இந்த ஹார்டு டிஸ்க் குறிப்புதான் பின்னால் எங்களை ஆட்டிவைத்தது.

பழைய டிஸ்க் சுழலவே இல்லை. ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில் 1.2 கிகாபைட் ஐடிஈ டிஸ்க் ஒன்று கிடைத்தது. யூனிக்ஸை நிறுவும் ஃபிளாப்பிகளின் கதி இன்னும் மோசம். நம் ஊர் ஈரக்காற்றில் முப்பது ஆண்டு கிடந்த காந்தத்தட்டில் பூசணம் பிடிக்காமல் இருக்குமா? ஷட்டரை விரலால் தள்ளிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். அப்படிப்பட்டதை டிரைவில் போட்டால் பூசணம் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். பொறுமையாகத் துடைத்து, வேறொரு கணினியில் படித்து, புதிய ஃபிளாப்பிகளில் நகலெடுத்தேன். (ஃபிளாப்பியில் 1.44 மெகாபைட் என்று போட்டிருப்பது பாதிப் பொய். 80 தடம், 2 பக்கம், 18 செக்டர், 512 பைட் எல்லாவற்றையும் பெருக்கினால் 1,474,560 பைட். ஒரு தடவை 1000ஆலும் ஒரு தடவை 1024ஆலும் வகுத்தால்தான் அந்த 1.44 வரும்.)

ஆனாலும் நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் உளறியது. கோளாறு என் தாராள மனசில்தான். இருந்த 8 மெகாபைட் ராமை (நினைவகத்தை) கழற்றி 32 போட்டிருந்தேன். ஃபிளாப்பியிலிருந்து வரும் தரவை நினைவகத்தில் சேர்ப்பது டிஎம்ஏ என்ற தனிச் சில்லு. அதற்கு முகவரி எழுத 24 பிட் மட்டுமே உண்டு. 16 மெகாபைட்டுக்கு மேலே இருக்கும் இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது. இதை அறியாத பழைய கர்னல் (யூனிக்ஸின் மைய நிரல்) தரவை 20ஆவது மெகாபைட்டில் வை என்றால், மேல் பிட் உதிர்ந்துபோய் 4ஆவது மெகாபைட்டில் கொட்டும். அங்கே யார் இருந்தாரோ, அவர் கதை முடிந்தது. ராமை 16க்குக் குறைத்தோம். அத்தனை ஃபிளாப்பியும் ஒழுங்காக ஏறின. கணினியை மறுபடி தொடங்கச் சொன்னது. தொடங்கினோம்.

பூட் என்று ஒரு வரி வந்தது. என்டர் தட்டினால், கர்னல் கோப்பைக் காணோம் என்றது.

அய்யா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். முதலில் இருந்து எல்லா ஃபிளாப்பியும் மறுபடி. அதே வரி, அதே பதில். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே போனது. கோளாறு பார்க்கும்போது அதையே திரும்பச் செய்வது வேலை செய்கிற மாதிரி ஒரு மயக்கத்தைக் கொடுக்கிறது. நான் நன்றாகவே மயங்கியிருந்தேன்.

உருப்படியாகச் செய்த முதல் காரியம், ஃபிளாப்பியிலிருந்து கணினியை எழுப்பி, அங்கிருந்து ஹார்டு டிஸ்க்கை எட்டிப் பார்த்தது. எல்லாக் கோப்பும் இருந்தன, கர்னல் உட்பட. ஓடிக்கொண்டிருக்கும் யூனிக்ஸுக்குத் தெரிகிற கோப்பு, யூனிக்ஸை எழுப்ப வேண்டியவர் கண்ணுக்குத் தெரியவில்லை. டிஸ்க் நல்ல டிஸ்க்தான்; அதைப் படிக்கும் இரண்டு பேருக்குள் ஒத்துப்போகவில்லை.

அந்த இரண்டு பேர் யார்? கணினியைப் போட்டதும் முதலில் விழிப்பது பயாஸ், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல். அது டிஸ்க்கின் முதல் செக்டரைப் படித்து, அதிலிருக்கும் குட்டி நிரலிடம் பொறுப்பைக் கொடுக்கும். குட்டி நிரல் தன்னைவிடக் கொஞ்சம் பெரிய நிரலை எழுப்பும். பெரியது கர்னலைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றும். இதுவரை டிஸ்க்கைப் படித்துக் கொடுப்பவர் பயாஸ்தான். கர்னல் எழுந்த பிறகு பயாஸுக்கு அங்கே வேலை இல்லை. அது 16 பிட் காலத்து மனிதர். ஒரு வேலையைத் தொடங்கினால் முடியும்வரை மற்றவர்களை நிறுத்தி வைப்பார். நாலு கிராணி தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது அது சரிப்படாது. எனவே யூனிக்ஸ் கர்னல் டிஸ்க்கோடு நேரடியாகப் பேசும்.

இனி முகவரி. ரப்பர் தோட்டத்தில் ஒரு மரத்தை எப்படிச் சொல்வார்கள்? இத்தனாம் நம்பர் காடு, இத்தனாவது நிரை, இத்தனாவது மரம். டிஸ்க்கிலும் அதே முறைதான்: சிலிண்டர், ஹெட், செக்டர். தட்டுகளின் மேல் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் வட்டங்கள் சேர்ந்து ஒரு சிலிண்டர். அதில் எந்தப் பக்கம் என்பது ஹெட். அந்த வட்டத்தில் எந்தத் துண்டு என்பது செக்டர். ஒரு துண்டுக்கு 512 பைட்.

பயாஸிடம் முகவரி சொல்லும் பாரத்தில் (படிவத்தில்) சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டருக்கு 6 பிட் இடம். ஐடிஈ டிஸ்க்கின் பாரத்தில் சிலிண்டருக்கு 16, ஹெட்டுக்கு 4, செக்டருக்கு 8. இரண்டுமே தனித்தனியே தாராளமானவைதான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதில் அப்படியே பெயர்த்து எழுதினால் ஒவ்வொரு கட்டத்திலும் சின்னதுதான் செல்லுபடி: 10, 4, 6. செக்டர் எண் 1இல் தொடங்குவதால் 64க்குப் பதில் 63. ஆக 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். மொத்தம் 528,482,304 பைட். எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்கினாலும் பயாஸுக்கு எட்டுவது அதன் முதல் 504 மெகாபைட்தான் (1024ஆல் இரண்டு தடவை வகுத்த கணக்கு). 1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டியின் டிஸ்க் 10 மெகாபைட் என்பதை நினைத்துக்கொண்டால், பாரம் அடித்தவர்களைத் திட்டத் தோன்றாது.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த பயாஸ்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்தன. எங்கள் டிஸ்க்கின் கணக்கு 2484 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பயாஸ் சிலிண்டரை நாலால் வகுத்து, ஹெட்டை நாலால் பெருக்கி, 621 சிலிண்டர், 64 ஹெட் என்று தன் ஏட்டில் எழுதிக்கொள்கிறது. மொத்த வட்டங்கள் இரண்டிலும் 39,744தான், ஒன்றும் குறையவில்லை. பழைய டாஸ் இயங்குதளத்துக்கு இது போதும். அது பயாஸைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யும். எங்கள் யூனிக்ஸ் டிஸ்க்கையே நேரே கேட்டு, 16 ஹெட் என்று தெரிந்துகொண்டு, அந்தக் கணக்கில் எல்லாவற்றையும் எழுதிவிட்டது.

இதை அய்யாவிடம் விளக்கத் திணறிக்கொண்டிருந்தேன். அவர் டக்கென்று பிடித்துக்கொண்டார். "ரப்பரை வெட்டிட்டு செம்பனை நட்டப்ப இதே கூத்துதான். காட்டு நம்பர், நிரை நம்பர் எல்லாம் மாத்திட்டாங்க. மண்டோர் கையில பழைய புக்கு, என் கையில புது புக்கு. ரெண்டு பேரும் ஒரே நம்பரைச் சொல்லிட்டு வேற வேற காட்டுல நிப்போம்."

அதேதான். சிலிண்டர் 5, ஹெட் 3, செக்டர் 10 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு 16 ஹெட் என்றால் அது டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 5,238 செக்டர் தள்ளி இருக்கிறது. 64 ஹெட் என்றால் 20,358 செக்டர் தள்ளி. ஏழு மெகாபைட்டுக்கும் மேல் வித்தியாசம். கர்னல் இருக்கும் இடம் என்று நினைத்துப் பயாஸ் ஏதோ ஒரு வெற்றிடத்தைப் படித்து வந்து கொடுத்திருக்கிறது.

அப்படியானால் பூட் என்ற முதல் வரி மட்டும் எப்படி வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சிலிண்டர் 0இல் முதல் 16 ஹெட்டுக்கு இரண்டு கணக்கும் ஒரே விடைதான் தரும். 16 பெருக்கல் 63, அதாவது 1008 செக்டர், 504 கிலோபைட். குட்டி நிரலும் அதற்கு அடுத்ததும் அந்தத் தொடக்க எல்லைக்குள் அடங்கிவிட்டன. அதற்கப்பால் இரண்டு புத்தகமும் பிரிந்து போகின்றன. தொடக்கம் சரியாக இருந்ததாலேயே டிஸ்க் கணக்கின் மேல் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. இந்த மாதிரிக் கோளாறில் திரையில் வந்த வாசகத்தைவிட, அது வந்த நேரத்தில் டிஸ்க்கைப் படித்துக்கொண்டிருந்தவர் யார் என்பதுதான் முக்கியம்.

பயாஸ் அமைப்பில் அந்த வகுத்துப் பெருக்கும் தந்திரத்தை நிறுத்தி, சாதாரண முறைக்கு மாற்றினோம். ஒரு ஃபிளாப்பியும் தொடாமல் யூனிக்ஸ் எழுந்து வந்தது. அய்யா வீட்டில் அன்றைக்கு வடை.

கதை அங்கே முடியவில்லை. நெட்வொர்க் அட்டை ஒன்றைச் செருகினோம். இரண்டாவது சீரியல் போர்ட்டும் அதுவும் ஒரே 3ஆம் இன்டரப்டுக்கு (கணினியைக் கூப்பிடும் அழைப்புத் தடத்துக்கு) அடித்துக்கொண்டன. அட்டையில் இருந்த ஜம்பர் என்ற குட்டிச் செருகியை 10க்கு மாற்றியதும் தீர்ந்தது. அதன் வழியாக மூல நிரல், கையேடு என்று ஒரு 600 மெகாபைட்டை உள்ளே கொட்டினேன். அப்புறம் பல டெர்மினல் பூட்டும் சீரியல் அட்டைக்கு டிரைவர் (அதை இயக்கும் நிரல்) சேர்த்தோம். பழைய யூனிக்ஸில் டிரைவர் சேர்த்தால் கர்னலையே புதிதாகக் கோத்து எழுத வேண்டும். எழுதி, மறுபடி தொடங்கினால், கர்னலைப் படிக்க முடியவில்லை என்றது.

இந்தத் தடவை சனிக்கிழமை வீணாகவில்லை. புதிய கர்னல் புதிய கோப்பு. காலியாக இருக்கும் இடத்தில்தானே போய் உட்காரும்? முன்பகுதி நிறைந்துவிட்டதால் அது 1024ஆம் சிலிண்டரைத் தாண்டிப் போய்விட்டது. கர்னல் ஓடும்போது அந்த இடத்தைப் படிக்கும். பயாஸுக்கு அந்த இடமே கிடையாது. டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பு முறையாக வைத்தது என் தப்பு. மறுபடி நிறுவி, தொடக்கப் பகுதியை 1024 சிலிண்டருக்குள் அடங்கும்படி வெட்டி, மீதியைத் தனிப் பகுதியாக்கினேன். இனி கர்னல் எத்தனை முறை புதிதானாலும் வேலிக்குள்ளேயேதான் விழும்.

புதிய பேட்டரி போட்டாயிற்று. அதுவும் ஒருநாள் சாகும். அப்போது பெட்டி மறுபடி எல்லாவற்றையும் மறந்துவிடும், டிஸ்க் எண்களையும் சேர்த்து. மூடியைப் பூட்டப் போனபோது அய்யா கையை நீட்டி நிறுத்தினார். உள்ளே போய்ச் சின்னத் தூரிகையும் வெள்ளைச் சாயமும் கொண்டு வந்தார். காட்டு முகப்பில் நம்பர் பலகை எழுதுவது போல நிதானமாக, மூடியின் உட்பக்கத்தில் எழுதினார்: 2484, 16, 63. கீழே, சாதாரண முறை. அதற்கும் கீழே, 1024க்கு அப்பால் போகாதே. சாயம் காயட்டும் என்று வெளியே நிமிர்த்தி வைத்தோம். கோழி ஒன்று வந்து அதைக் கொத்திப் பார்த்தது.