ஆன்டிவைரஸ்: எதிர்ப்பியா, தடுப்பியா, நீக்கியா?

கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "ஆன்டிவைரஸ் போட்டாச்சா?" என்பதுதான். போட்ட பிறகு வரும் புலம்பலும் தெரிந்ததே: "போட்டதிலிருந்து மெஷின் ஸ்லோ ஆயிடுச்சு." இந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் எது என்று தேடப் போனால், கணினியை இழுக்காத இலவச மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஏனென்றால் ஆன்டிவைரஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. கணினியை இழுப்பது அவற்றில் ஒன்றுதான்.

முதலில் வைரஸ். லத்தீனில் இதற்கு நஞ்சு, கொழகொழப்பான நீர்மம் என்று பொருள். நாம் விடம், விஷம் என்று சொல்கிறோமே, அந்த வடசொல்லும் லத்தீன் வைரஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. உயிரியலுக்குள் இந்தச் சொல் இன்றைய பொருளில் நுழைந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். புகையிலைச் செடியின் இலைகளில் திட்டுத்திட்டாகப் படரும் நோயை ஆராய்ந்த டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க், நோயுற்ற இலைச்சாற்றைப் பாக்டீரியா புகமுடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்த பிறகும் அது நோயைப் பரப்புவதைக் கண்டார். 1898-இல் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு வைரஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார்.

தமிழில் இதற்கு நச்சுயிரி, தீநுண்மி என்று இரண்டு சொற்கள் நன்றாகவே நிலைத்துவிட்டன. நஞ்சு என்பது ஏன் நச்சு ஆனது என்று சிலர் கேட்பதுண்டு. இரும்பு இருப்புப்பாதை ஆனதும், மருந்து மருத்துப்பை ஆனதும் எப்படியோ அப்படித்தான். மெல்லின மெய் புணர்ச்சியில் வல்லினமாகிறது, புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் நஞ்சுக்கொடியில் மட்டும் நஞ்சு அப்படியே நிற்கிறது. தாயையும் சேயையும் இணைக்கும் கொடிக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்பது வேறு கதை, இங்கே வேண்டாம்.

கணினிக்கு வைரஸ் வந்த கதை சுவையானது. 1982-இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற பள்ளி மாணவர், ஆப்பிள் 2 கணினிகளில் பிளாப்பி என்ற பழைய காந்தத் தகடு வழியாகப் பரவும் எல்க் க்ளோனர் என்ற நிரலை, அதாவது புரோகிராமை, விளையாட்டாக எழுதிவிட்டார். அப்போது அதை யாரும் வைரஸ் என்று அழைக்கவில்லை. 1983-இல் அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த பிரெட் கோஹன், தன்னைத்தானே படியெடுத்து மற்ற நிரல்களுக்குள் ஒட்டிக்கொள்ளும் நிரலை எழுதிக் காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லெனர்ட் ஏடில்மன். இணையப் பாதுகாப்பில் இன்றும் புழங்கும் ஆர்எஸ்ஏ மறையாக்க முறையின் மூன்றாம் எழுத்துக்குச் சொந்தக்காரரும் இவரே.

ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் 1986-இல் லாகூரிலிருந்து வந்தது. பாஸித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன். எழுதியவர்கள் தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள்! தாங்கள் விற்ற மருத்துவ மென்பொருளைக் காசு கொடுக்காமல் படியெடுப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் எழுதினோம் என்பது அவர்கள் தரப்பு. பிரெய்ன் கோப்புகளை அழிக்கவில்லை. பிளாப்பி டிரைவை மெதுவாக்கியது, நினைவகத்தில் 7 கிலோபைட்டை விழுங்கியது, அவ்வளவுதான். இன்று அதே புகாரை நாம் நோயின் மேல் சொல்வதில்லை, மருந்தின் மேல் சொல்கிறோம்.

இந்தக் கணினி வைரஸை நச்சுயிரி என்று சொல்ல முடியாது, அதற்கு உயிர் இல்லை. அதனால்தான் நச்சுநிரல். நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. இலக்கண வகுப்பில் படித்த நிரல்நிறைப் பொருள்கோளில் வரும் அதே நிரல்தான். கட்டளைகளை வரிசையாக அடுக்குவது புரோகிராம் என்பதால் அதற்கு நிரல் என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. ஆக வைரஸுக்குத் தமிழ் கிடைத்துவிட்டது. சிக்கல் ஆன்டியில்தான்.

ஆன்டி கிரேக்கம், எதிர் என்று பொருள். அதை அப்படியே எடுத்து நச்சுநிரல் எதிர்ப்பி, எதிர்ப்பான் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பிழையில்லை, ஆனால் எதிர்ப்பது என்பது என்ன வேலை என்று அந்தச் சொல் காட்டவில்லை. தொடக்க கால ஆன்டிவைரஸ்கள் உண்மையில் நீக்கிகள். 1970-களின் தொடக்கத்தில், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் க்ரீப்பர் என்ற நிரல் கணினி விட்டுக் கணினி தாவியபோது, அதைத் தேடி அழிக்க ரீப்பர் என்ற இன்னொரு நிரலை எழுதினார்கள். 1987-இல் பெர்ன்ட் ஃபிக்ஸ் என்ற ஜெர்மானியர் வியன்னா என்ற வைரஸை அகற்ற எழுதிய நிரலும் அப்படித்தான். நோய் வந்த பிறகு ஓட்டுவது, வேலை முடிந்ததும் மூடிவிடுவது. நினைவகத்திலேயே தங்கி, ஒவ்வொரு கோப்பும் திறக்கும் முன் சோதிக்கும் வகை அப்புறம் பெருகியது. அதுதான் தடுப்பி.

தடுப்பான் என்றும் எழுதலாம், பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன நெருடல்: "அவன் தடுப்பான்" என்று வினைமுற்றாகவும் படிக்க வாய்ப்பு இருக்கிறது. மண்வெட்டி, உலவி, செயலி என்று கருவிகளுக்கு இகர ஈறு இயல்பாக வருவதால் நச்சுநிரல் தடுப்பி என்பதே என் தேர்வு. ஓடி முடிந்து நின்றுவிடும் வகைக்கு நச்சுநிரல் நீக்கி. ஆன்டிவைரஸ் என்ற ஆங்கிலச் சொல் மறைத்துவிடும் வேறுபாட்டை இந்த இரண்டும் வெளிக்கொண்டு வந்துவிடுகின்றன.

இனி இழுவைக்கு வருவோம். கணினியை மெதுவாக்குவது பெரும்பாலும் தடுப்பி. ரியல்-டைம் புரொடெக்ஷன் என்று திரையில் தெரிகிறதே, அந்த நிகழ்நேரப் பாதுகாப்பு, ஒரு கோப்பைத் திறக்க இயங்குதளம் முற்படும்போது நடுவில் நின்று, பார்த்துவிட்டுத்தான் விடுகிறது. கல்யாணப் புகைப்படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒரு ஃபோல்டரைப் பென் டிரைவிலிருந்து காப்பி செய்து பாருங்கள். அதே அளவுள்ள ஒரே ஒரு வீடியோவை அடுத்துக் காப்பி செய்து பாருங்கள். வீடியோ சட்டென்று போகும், படங்கள் ஊர்ந்து போகும். சிறு கோப்புகள் என்றாலே கொஞ்சம் தாமதம் உண்டுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை என்பது அதன் மேல் ஏறுகிறது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி நினைவகமும் உள்ள மடிக்கணினியில் இது அப்பட்டமாகத் தெரியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டுக்கு மாற்றிய கணினியில் பலருக்குத் தெரியவே தெரியாது. உண்மையைச் சொன்னால், ஆன்டிவைரஸை மாற்றுவதைவிட டிஸ்க்கை மாற்றுவது அதிகப் பலன் தரும் கணினிகள் ஏராளம்.

இரண்டு தடுப்பிகளை ஒரே கணினியில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஒன்று திறக்கும் கோப்பை இன்னொன்று சோதிக்கும், அதை மறுபடி முதலாவது சந்தேகப்படும். புதிய மடிக்கணினியோடு வரும் சோதனைப் பதிப்பு காலாவதியாகிக் கிடக்க, அதன் மேல் இன்னொன்றைப் போட்டு வைத்திருப்பவர்கள் பலர். காலாவதியானதை முறையாக அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

அப்படிச் செய்தால் விண்டோஸிலேயே இருக்கும் டிஃபென்டர் தானாக விழித்துக்கொள்ளும். 2006-இல் உளவு நிரல்களை மட்டும் பிடிக்கும் கருவியாக வந்தது அது. 2012-இல் விண்டோஸ் 8-இல் முழுமையான தடுப்பியாக உள்ளேயே சேர்ந்தது. வீட்டுக் கணினிக்கு, காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால், என் முதல் பரிந்துரை இதுதான். தனியாக நிறுவ வேண்டாம், "ப்ரீமியம் வாங்குங்கள்" என்று நச்சரிக்காது. டாஸ்க் மேனேஜரில் ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்று சிலசமயம் மேலே ஏறி நிற்பது இதுதான். பயப்பட வேண்டாம், ஸ்கேன் முடிந்ததும் இறங்கிவிடும். ஆனால் இருப்பவற்றில் மிக இலகுவானது இதுவே என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் நிறுவனம் கோப்பு காப்பி, மென்பொருள் நிறுவல், இணைய உலாவல் என்று தனித்தனியாக இழுவையை அளந்து முடிவுகளை வெளியிடுகிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் கணக்கில் தருகிறது. இவற்றில் டிஃபென்டரைவிட வேகமானவை உண்டு. புதிய முடிவுகளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், 3 ஆண்டுக்கு முந்தைய "டாப் 10" பட்டியலை நம்ப வேண்டாம்.

டிஃபென்டரோடு கூட, சந்தேகம் வரும்போது மட்டும் ஓட்ட ஒரு நீக்கி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, சோதனைக் காலம் முடிந்ததும் வெறும் நீக்கியாகிவிடுகிறது. நாம் ஓட்டினால்தான் ஓடும். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் தரவிறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும். வேண்டும்போது புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும், சென்னையின் கே7, புணேயின் குவிக் ஹீல் போன்ற நிறுவனங்களின் நீக்கிகளை இலவசமாகக் கொடுக்கிறது.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தின் ஃப்ரீ-க்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு: இலவசம், கட்டற்றது. ஏவாஸ்ட், ஏவிஜி இலவசம். இவையும் நார்ட்டன், அவிரா ஆகியவையும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன, ஆகவே நான்கையும் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. ஏவாஸ்ட் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது அம்பலமாகி, 2020-இல் அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காசு வாங்காத மென்பொருள் வேறு எதை வாங்குகிறது என்று நிறுவும்போதே பார்த்து, தேவையில்லாத டிக்குகளை எடுத்துவிடுங்கள். விபிஎன், பிரவுசர், கிளீனர் என்று கூடவே ஏறும் சாமான்கள்தான் பல நேரம் இழுவைக்கும் காரணம்.

கட்டற்றது என்றால் கிளாம்ஏவி. மூலநிரல் திறந்தே இருக்கிறது, யாரும் படிக்கலாம், மாற்றலாம். லினக்ஸ் மின்னஞ்சல் சேவையகங்களில் நல்ல பெயர் உண்டு. விண்டோஸில் அது நீக்கி மட்டுமே, தடுக்காது. அதை மட்டும் நம்பி டிஃபென்டரை அணைத்துவிடாதீர்கள்.

எதை நிறுவினாலும் அது தடுக்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அதில் வைரஸ் எதுவும் இல்லை. ஆனால் அதைக் கண்டால் குரைக்க வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் எல்லாம் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதைத் தரவிறக்குங்கள். நீங்கள் ஸ்கேன் ஓட்டாமலே எச்சரிக்கை வந்தால் உங்களிடம் இருப்பது தடுப்பி. ஸ்கேன் ஓட்டிய பிறகுதான் வருகிறது என்றால், நிகழ்நேரப் பாதுகாப்பு அணைந்திருக்கிறது, அல்லது நீங்கள் போட்டு வைத்திருப்பது நீக்கி.