‘அசல் முத்து’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

திருகோணமலையில் நகை மதிப்பீடு செய்யும் என்னிடம் முத்தைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: “இது அசல்தானே ஐயா?” நான் ஆம் என்று சொன்னாலும் அவர்கள் அறிய வந்தது அவர்களுக்குக் கிடைத்துவிடாது. ஏனெனில் நம் கடைவீதியில், சிப்பிக்குள் தானாக விளைந்த இயற்கை முத்துக்கும், மனிதர் கைபட்டுச் சிப்பிக்குள் விளைவித்த வளர்ப்பு முத்துக்கும் ‘அசல்’ என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. வளர்ப்பு முத்து போலி அன்று; அதன் மேலே இருப்பது சிப்பி சுரந்த உண்மையான முத்துப்படலமே. அதை இயற்கை முத்தின் விலைக்கு வாங்கும்போதுதான் நாம் ஏமாறுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் தம்பலகாமத்திலிருந்து ஒரு தாயும் மகளும், அம்மம்மாவின் அட்டியல் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதில் பதினொரு முத்துகள் இருந்தன. “கடிச்சுப் பார்த்தனாங்கள் ஐயா, மணல் மாதிரி நறநறத்தது” என்றார் மகள். முன்பல்லில் மெல்ல உரசும்போது முத்து நறநறப்பதும், கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த போலி வழுக்குவதும் உண்மைதான். ஆனால் வளர்ப்பு முத்தும் அதே போலத்தான் நறநறக்கும். ஆகவே அந்தச் சோதனை போலியை விலக்க மட்டுமே உதவும். நெருப்பில் காட்டுவதும் வினாகிரியில் இடுவதும் அதற்குக்கூட வேண்டாம்; முத்தின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று என்பதால், புளிப்பு பட்டால் அது கரையும், போன பளபளப்பு திரும்பி வராது.

அவர்களின் சம்மதத்தோடு முத்துகளைக் கம்பியிலிருந்து கழற்றி, பத்து மடங்கு பெருக்கும் கையாடியால் ஒவ்வொன்றின் துளையையும் பார்த்தேன். பத்து முத்துகளில் துளை மிகக் குறுகலாக இருந்தது. பழைய நாளில் முத்தை மஞ்சாடி என்ற சிறு எடைக் கணக்கில் நிறுத்து விற்றதால், துளையிட்டவர்கள் எடை குறையாதபடி கவனமாகத் துளைத்தார்கள். அந்தப் பத்திலும் துளையின் உட்சுவரில் வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காகப் படலங்கள் உள்நோக்கித் தொடர்ந்தன. பதினோராவது முத்து மற்றவற்றைவிட வெண்மையாகவும் பிசகில்லாத உருண்டையாகவும் இருந்தது. அதன் துளையில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே, பென்சிலால் வட்டமிட்டது போன்ற கரிய கோடு ஒன்று தெரிந்தது. அதற்கு அப்பால் அடுக்கே இல்லாமல் மங்கிய வெள்ளை. சிறிய விளக்கொளியின் மேல் வைத்துச் சுழற்றியபோது உள்ளே சமாந்தரமான வரிகளும் ஓடின. முன்பொருமுறை ஒரு முத்து விழுந்து தொலைந்ததும், பத்தர் வேறொன்றைக் கோத்துத் தந்ததும் அப்போதுதான் தாய்க்கு நினைவு வந்தது.

அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்த வெள்ளை, நன்னீர்ச் சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த மணி. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகைச் சிப்பி ஓடுகளே இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. அந்த மணியையும், இன்னொரு சிப்பியின் மேலுறைத் துண்டு (ஓட்டுக்குள் உடலைப் போர்த்தியிருக்கும் சதைப்படலத்தின் துண்டு) ஒன்றையும் உயிருள்ள சிப்பிக்குள் வைத்தால், அது மணியைச் சுற்றிப் படலம் சுரக்கும். ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893இல் அரைக்கோள முத்தை விளைவித்தார். முழு உருண்டை முத்துகள் 1920களில்தான் உலகச் சந்தையில் பரவின. அதற்கு முந்திய நகை என்றால் இயற்கை முத்தாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் பழுதுபார்த்த நகைக்கு அந்தக் கணக்கு முழுமையாகப் பொருந்தாது என்பதை அந்த அட்டியலே காட்டிவிட்டது.

கோடு தெரியவில்லை என்பதாலும் முத்து இயற்கையானது என்று முடிவுகட்ட முடியாது. சீனாவின் நன்னீர் வளர்ப்பு முத்துகளில் பெரும்பாலானவை மணியே இல்லாமல், மேலுறைத் துண்டு மட்டும் வைத்து விளைவிக்கப்படுபவை. அவற்றைக் கையாடியால் பிரித்தறிய முயல்வது வீண். எக்ஸ்-கதிர்ப் படத்தில் நடுவில் தெரியும் சிறிய ஒழுங்கற்ற வெற்றிடமே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். மோதிரத்தில் அடிமூடிப் பதித்த முத்திலோ துளையைக் காணவே வழியில்லை. சோதிடர் சொன்னதற்காகச் சந்திரனுக்கு முத்து அணிபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊர்ப்பெயர் சொல்லி விற்பதும் இங்கே அதிகம். “நம் தம்பலகாமக் குடாவில் எடுத்தது” என்று பெரிய, வெண்ணிற, உருண்டை முத்தைக் காட்டினால் நம்பாதீர்கள். அக்குடாவில் வாழ்வது ஒளி ஊடுருவும் தட்டையான கண்ணாடிச் சிப்பி. அதன் முத்துகள் மிகச் சிறியவை, பளபளப்புக் குறைந்தவை. மன்னார்க் கடலின் முத்துச் சலாபங்களோ, அதாவது முத்துக்குளிப்புகளோ, 1905 முதல் 1907 வரை நடந்தவற்றுக்குப் பின் குன்றிப்போயின. ‘பஸ்ரா முத்து’ என்ற பெயர் பாரசீக வளைகுடாவின் இயற்கை முத்துக்கு உரியது. இன்று அதைச் சொல்லி எதையும் விற்கிறார்கள். ஒரே அளவில், ஒரே நிறத்தில், பிசகற்ற உருண்டையாக முழு மாலை ஒன்று மலிவாகக் கிடைத்தால் அது வளர்ப்பு முத்தென்றே கொள்ளுங்கள். அழகுக்காக அதற்குரிய விலையில் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. இயற்கை முத்து என்று சொல்லி விற்றால், அந்த இரண்டு சொற்களையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் ‘முத்து’ என்றோ ‘அசல்’ என்றோ எழுதியிருந்தால் ஏற்காதீர்கள்.

அந்தப் பத்து முத்துகளுக்கும் “இயற்கை” என்று நான் எழுதிக்கொடுக்கவில்லை. துளையில் கண்டதை மட்டும் எழுதி, எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் ஆய்வுகூடமா என்று முதலில் கேட்டு உறுதிசெய்த பின்னரே அவற்றை அனுப்பும்படி சொன்னேன். அதுவரை முத்துகளைத் தங்கத்தோடு உரச விடாமல், மெல்லிய பருத்தித் துணியில் தனியாகச் சுற்றி வைக்கச் சொல்லி அனுப்பினேன்.