பாறை ஓவியமும் அதைச் சுற்றி 10 மீட்டரும்: தென்னாப்பிரிக்கச் சட்டம் தரும் பாதுகாப்பு

தென்னாப்பிரிக்காவில் அந்நாட்டின் பூர்வகுடிகளான சான், கோய் மக்களின் முன்னோர் தீட்டிய ஓவியங்களும் பாறைச் செதுக்கல்களும் பெரும்பாலும் தனியார் பண்ணைகளுக்குள்தான் இருக்கின்றன என்றால் பலர் நம்புவதில்லை. நிலம் யாருடையதாக இருந்தாலும் 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். 100 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஓவியத்தை அனுமதியின்றிச் சிதைத்தாலும் பெயர்த்தாலும் அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கும்.

ஓவியத்தைச் சுற்றி 10 மீட்டர் வரையுள்ள இடமும் இந்தப் பாதுகாப்பில் அடங்கும். சட்டத்தின் மிக நல்ல ஏற்பாடு இதுதான் என்பேன். பாறையடி மண்ணில் கல் கருவிகள், காவிக்கல் துண்டுகள், பழைய அடுப்புச் சாம்பல் எல்லாம் புதைந்திருக்கலாம். அங்கே வாழ்ந்தவர்கள் எந்தக் காலத்தவர், எதை உண்டார்கள் என்பதற்கு அந்த மண்ணே சான்று. அதைத் தோண்டிக் கலைத்துவிட்டால் ஓவியம் அநாதையாகிவிடும்.

பெயர் கிறுக்குவது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் தெளிப்பதன் கேடு பலருக்குத் தெரிவதில்லை. புகைப்படத்தில் ஈலண்ட் மானின் சிவப்பு உடலும் வெள்ளைக் கழுத்தும் பளிச்சென்று தெரியட்டும் என்று பாறையை நனைக்கிறார்கள். ஈரம் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு மேலேறி, வண்ணத்தின் மீது வெண்படலமாகப் படிகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

புதிதாக ஓவியமோ தொல்பொருளோ கண்ணில் பட்டால் உடனே மரபுவள ஆணையத்திடமோ, அருகிலுள்ள உள்ளாட்சி அலுவலகத்திலோ அருங்காட்சியகத்திலோ தெரிவிக்க வேண்டும். 300 மீட்டருக்கு மேல் சாலையோ குழாய்ப் பாதையோ போடுபவர்களும், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையின் தன்மையை மாற்றுபவர்களும் திட்டமிடும்போதே ஆணையத்துக்குத் தகவல் தரவேண்டும்.

இச்சட்டம் வருவதற்கு முன்பே பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை பல. 1917இல் மக்ளியர் அருகே லிண்டன் பண்ணையிலிருந்து பெயர்த்த ஓவியக்கல் இன்று கேப் டவுன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; 2000இல் ஏற்கப்பட்ட நாட்டுச் சின்னத்திலுள்ள மனித உருவம் அந்தக் கல்லிலிருந்து எடுத்ததே.

அரசு நிதியில் நடக்கும் நிறுவனத்திடம் உள்ள மரபுப் பொருளைத் திருப்பித் தரும்படி, அதில் உண்மையான உரிமைத் தொடர்புள்ள சமூகம் கேட்கலாம் என்கிறது இச்சட்டத்தின் 41ஆம் பிரிவு. கேட்டால் அந்த நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும். உடன்பாடு எட்டாவிட்டால் அமைச்சரிடம் முறையிடலாம்; சமரசமும் கைகூடாதபோது இறுதி முடிவு அவருடையது.