நகச்சொத்தை: மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

நகச்சொத்தைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மூன்றே வாரத்தில் நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. "மாத்திரை கேட்கல டாக்டர், நகம் அப்படியேதான் இருக்கு" என்பார்கள். அண்மையில் வந்தவர், யாரோ சொன்னார்கள் என்று கால்சியம் மாத்திரைக்கே மாறியிருந்தார். கால் பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்திருந்தது. ஓரத்தைச் சுரண்டினால் சுண்ணாம்பாக உதிர்ந்தது. போதாததற்குச் சர்க்கரை நோய் வேறு.

கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது பூஞ்சைத் தொற்று.

தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சொத்தையான நகம் திரும்ப நல்ல நகமாக மாறாது, எந்த மருந்துக்கும் மாறாது. மருந்து பூஞ்சையைக் கொல்லும், அவ்வளவுதான். அதன்பிறகு அடியிலிருந்து புது நகம் சுத்தமாக வளர்ந்து பழையதை முன்னால் தள்ள வேண்டும்; நீங்கள் அதை வெட்ட வெட்டத்தான் சொத்தை போகும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதிதான். கை நகம் முழுசாக மாற 6 மாதம், கால் பெருவிரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதம் ஆகும். ஆனால் பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபின் மாத்திரை வழக்கமாகக் கைக்கு 6 வாரம், காலுக்கு 12 வாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாத்திரை தீர்கிற அன்றும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும். மருந்து நகத்துக்குள் தங்கி, அதற்குப் பிறகும் வேலை செய்யும். நகத்தின் நுனியைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அடியைப் பாருங்கள். தோலை ஒட்டிக் கொஞ்சம் தெளிவான நகம் எட்டிப்பார்க்கிறதா? சரி, மருந்து கேட்கிறது.

தடித்த நகமெல்லாம் பூஞ்சையும் அல்ல. சோரியாசிஸ் என்ற தோல் நோய், இறுக்கமான ஷூவால் படும் அடி எல்லாம் இப்படித்தான் தெரியும். அதனால்தான் நகத்தைச் சுரண்டிச் சோதிக்கச் சொல்கிறோம். அதற்கு வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, பாலிஷோ மருதாணியோ போட்டுக்கொண்டு வந்தால் நாங்கள் எதைச் சுரண்டுவது, எதைப் பார்ப்பது?

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வேண்டவே வேண்டாம். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். மாத்திரையையும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் எல்லாம் பார்த்துத்தான் தர வேண்டும்.

குளித்ததும் விரல் இடுக்கைத் துடையுங்கள். சாக்ஸ் தினமும் மாற்றுங்கள். நகவெட்டி ஆளுக்கு ஒன்று. நாளெல்லாம் தண்ணீரில் கை வைப்பவர்கள் பாத்திரம் கழுவக் கையுறை போடுங்கள். பார்லரில் நகத்தடித் தோலை வெட்ட விடாதீர்கள். படர்தாமரையோ சேற்றுப்புண்ணோ இருந்தால் அதையும் சேர்த்துக் குணப்படுத்துங்கள், இல்லாவிட்டால் நகத்துக்குத் திரும்ப வரும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. விரல் இடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் முழுக்க வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிறது. கால் மரத்துப்போனவருக்கு வலியும் தெரியாது. வீட்டுப் பெரியவர்களால் குனிந்து பார்க்க முடியாது; அவர்கள் விரல்களை விரித்து நீங்கள் பாருங்கள். வெடிப்போ சிவப்போ தெரிந்தால் அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள்.